நடுச்சுவரில் ஓர் ஆணி

படம் அச்சடித்து விற்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், "வாங்க, உட்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நம் கண் சுவரில் ஆணியைத் தேடிப் போய்விடும். என்ன படம் மாட்டியிருக்கிறார்கள், எங்கே மாட்டியிருக்கிறார்கள், அது நம் கடைப் படமா? உங்களில் யாராவது சொந்தக் கையால் ஒரு சாமானைச் செய்து, "ஓ, இது இங்க செஞ்சதா?" என்று உதட்டைப் பிதுக்குகிற மனிதர்களிடம் அதை விற்றுப் பிழைத்திருந்தால் கொஞ்சம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வாருங்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

எங்கள் கடை கண்டியில் திருகோணமலை வீதியில், ஒரு தையல்காரருக்கும் ஒரு அரிசிக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டுக்காரர் சவரிமுத்து அதற்கு முன் தேயிலைப் பெட்டிகளுக்கு லேபல் அடிக்கிற ஒரு கம்பனியில், அச்சுக் கல்லின்மேல் படம் வரைகிற வேலையில் இருந்தார். தேயிலை விலை விழுந்த காலத்தில் அந்தக் கம்பனி ஆட்களையும் நிறுத்தியது, பழைய கல்லச்சு யந்திரத்தையும் கழித்துவிட்டது. இவர் அந்த யந்திரத்தையும் இரண்டு கல்லையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சக்கரம் சுற்றுகிற காசிம் நானாவும் அதே வண்டியில் ஏறி வந்துவிட்டார். இவர் வரைவார், நானா அச்சடிப்பார், நான் தூரிகையால் வண்ணம் பூசி விற்பேன். மாதா, அந்தோனியார், செபஸ்தியார் என்று எங்கள் வேதத்துப் படங்களைத்தான் முதலில் போட்டோம்.

வாங்கவில்லை என்று சொன்னால் பொய். வாங்கினார்கள். ஆனால் எங்கே மாட்டினார்கள் என்று கேளுங்கள்! வாசலில் நின்றால் நேரே கண்ணில் படுகிற சுவர் இருக்கிறதே, நான் அதை நடுச்சுவர் என்பேன், அது சீமைப் படத்துக்கு. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த, கன்னம் சிவந்த மாதாவுக்கு. இந்து வீடுகளில் பம்பாயிலிருந்து வந்த பளபளப்பான லட்சுமிக்கு. எங்கள் படம் அடுப்படியில், அரிசிப் பானைக்கு மேலே, புகை குடித்துக்கொண்டு நிற்கும். பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் இவரிடம் சொல்லிவிட்டேன்: "நம்ம கடைப் படம் ஒண்ணாவது ஒரு வீட்டு நடுச்சுவர்ல ஏறாம நான் இந்தக் கடைய மூட மாட்டேன்." இவர் கல்லில் வரைகிற சோக்கைச் சீவிக்கொண்டே, "அப்ப கடைய மூடவே வேணாம்னு சொல்லு" என்றார். என்ன மனிதர்! ஆனால் நான் சொன்னது சொன்னதுதான்.

கதவுக்குப் பின்னால் அந்தோனியார்

எங்கள் கோயில் பள்ளிக்கூடத்து ரோசம்மா டீச்சர் என்னிடம் அந்தோனியார் படம் வாங்கியிருந்தார். நல்ல மனுஷி, படித்தவர், சட்டம் போட்டு மாட்டுவேன் என்று சொல்லித்தான் வாங்கினார். அவர் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அழைத்தபோது எனக்குக் கேக்கும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. நடுச்சுவரில் சீமைத் திருஇருதயம். அதற்கு இரண்டு பக்கமும் ராசாவும் ராணியும். அடுத்த சுவரில் ஒரு பிஸ்கட் கம்பனிக் கலண்டர். பிஸ்கட்டுக்குக் கூட இடமிருக்கிறது! அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

வாயை அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. "டீச்சர், நம்ம அந்தோனியார் எங்க?" என்று கேட்டேவிட்டேன். டீச்சர் முகம் மலர எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் இருந்தார் அந்தோனியார். கதவைத் திறக்கும்போதெல்லாம் கொண்டி போய் இடித்து அவருடைய மூக்கு பொரிந்திருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோவிக்காதீங்க அக்கா. செபம் சொல்லக் கதவச் சாத்தினா, மொதல்ல கண்ணுல படுறது இவருதான்."

முழங்கால் போட முடியாத மாதா

இவருக்குச் சிவந்த கன்னம் வரையப் பிடிக்காது. "நம்ம ஊர்ல யாருக்குடி அப்படிக் கன்னம் இருக்கு?" என்பார். ஒரு மழைக்காலம் முழுதும் உட்கார்ந்து ஒரு மாதாவை வரைந்தார். சேலை கட்டி, முந்தானையைத் தலைக்குப் போட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தைக் குழாயடியில் தண்ணீருக்குக் காத்து நிற்கிற பெண் மாதிரி. கொஞ்சம் களைத்த முகம். ஆனால் சிரிக்கப் போகிற முகம். முதல் படம் கல்லிலிருந்து எழும்பி வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இதுதான் நடுச்சுவருக்குப் போகப் போகிற படம் என்று நினைத்தேன். நீல வண்ணத்தைக் குழைத்துக் குழைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முந்தானையை நானே பூசினேன்.

அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவருடைய மனைவி ஞானம் அக்கா மாதா திருநாளுக்கு முந்திய வாரம் கடைக்கு வந்தார். படத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார். எடுத்துவிடுவார் என்று நான் சுற்றுகிற கடதாசியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டுப் படத்தை மேசையில் வைத்தார். "அழகாத்தான் இருக்கு லூர்தம்மா. ஆனா இந்த மொகத்தப் பாத்தா பேச்சுக் குடுக்கத்தான் தோணுது, முழங்கால் போடத் தோண மாட்டேங்குதே."

கீழே இருந்த ஊர்ப்பெயர்

ரயில் கந்தோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் செபஸ்தியார் படம் தேடி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அம்பு பாய்ந்த இடம், கயிறு கட்டிய மரம், விரல் நுனி எல்லாவற்றையும் பார்த்தார். "வடிவாய்க் கிடக்கு, வடிவாய்க் கிடக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் தேர் இழுக்கிற சத்தம் கேட்டது. "எங்க மாட்டப் போறீங்க ஐயா?" என்றேன். "முன் விறாந்தை தாண்டினவுடனே, நேர" என்றார். நடுச்சுவர்! அவருக்குத் தேத்தண்ணி வரவழைக்கலாமா என்று யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் கண் படத்தின் அடிக்கு இறங்கியது. எங்கள் கடைப் பெயரும் ஊர்ப்பெயரும் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், படத்தைச் சுருட்டி என்னிடமே மரியாதையாகத் திருப்பித் தந்தார். "ஓம் பிள்ளை, படத்தில ஒரு குறையும் இல்லை. கண்டி எண்டு அடியில போடாமல் விட்டிருந்தியள் எண்டால் நான் இப்பவே கொண்டுபோயிருப்பன்."

நானாவின் சக்கரம்

மறுநாளே நான் இவரிடம் போய், இனி எல்லாப் படத்திலும் "கண்டி" என்ற எழுத்தைப் பெரிசாக, கண் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி எழுதச் சொன்னேன். வேண்டாமென்றால் வேண்டாம் என்று போகட்டும், ஒளித்து விற்கிற பிழைப்பு எனக்குத் தேவையில்லை. இவர் தலையைச் சொறிந்தார், ஆனால் எழுதினார். காசிம் நானாவுக்கு இதில் ஒரு அபிப்பிராயமும் இல்லை. ஏனென்றால் அவர் எங்கள் கடையில் அச்சடித்த ஒரு படத்தையும் பார்த்ததே இல்லை.

நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை. உருவப் படம் அவருடைய மார்க்கத்துக்கு ஆகாது. கல்லை நனைப்பார், மை உருளையை உருட்டுவார், கடதாசியைப் பதித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். கடதாசியைத் தூக்குகிற நேரத்தில் மட்டும் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொள்வார். மை ஒரே சீராக ஏறியிருக்கிறதா என்பதை உருளையின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார், அவ்வளவு கைகாரர். "ஆனா நானா, படத்துல பிழை வந்தா யாரு பாக்குறது?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "அது உங்கட வேல தங்கச்சி. நான் சக்கரத்தச் சுத்துறவன். கடதாசியில ஆரு வாராங்க எண்டு பாக்குறது என்ட வேல இல்ல."

தும்பிக்கை மாறிய பிள்ளையார்

அவர் அதைச் சொன்ன வேளை என்ன வேளையோ. எங்கள் தெருக் கோடியில் சில்லறைக் கடை வைத்திருந்த சின்னையா முதலாளி சதுர்த்திக்குப் பிள்ளையார் படம் வேண்டும் என்று கேட்டார். எங்களுக்கு அது முதல் இந்துப் படம். மாதிரிக்குத் தன் கடையில் இருந்த படத்தையே கழற்றிக் கொடுத்தார். கல்லச்சில் ஒரு கூத்து இருக்கிறது: கல்லில் வலப்பக்கம் வரைந்தது கடதாசியில் இடப்பக்கம் விழும். அதனால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றித்தான் வரைய வேண்டும். இவருக்கு அது கைவந்த விஷயம். ஆனால் அந்த வாரம் இவருக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. மாதிரிப் படத்தைப் பார்த்தபடியே, மாற்றாமல், நேராக வரைந்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அடி எழுத்தை மட்டும் பழக்கத்தில் சரியாக மாற்றி எழுதியிருந்தார். நானோ மாத்தளைப் பக்கம் ஒரு திருநாளில் படம் விற்கப் போயிருந்தேன். காசிம் நானா தனியாக நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே, கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளிவிட்டார்.

நான் திரும்பி வந்து வண்ணம் பூச ஒரு படத்தை எடுத்து மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தேன். சேசு மரியாயே சூசையே! மாதிரியில் தும்பிக்கை ஒரு பக்கம், எங்கள் படத்தில் மறுபக்கம். ஒடிந்த கொம்பு இங்கே இருக்க வேண்டியது அங்கே. கொழுக்கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயிருந்தது. மாதாவை மாற்றி அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. இது வேறு சாமி. கடையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் வேதக்காரர்கள், ஒருவர் முஸ்லிம். "அவங்க சாமிய இவங்க இப்படிக் கோணலாக்கிட்டாங்க" என்று ஒரு சொல் வெளியே போனால் அப்புறம் அந்தத் தெருவில் நாங்கள் தலைகாட்ட முடியுமா? கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயம். இவர் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து கல்லை மணல் போட்டுத் தேய்த்து அழித்தார். இருந்தது இரண்டே கல். இன்னொன்றில் என் மாதா இருந்தார், அதைத் தொட நான் விடவில்லை. அதே கல்லில் பிள்ளையாரைப் புதிதாக, சரியாக வரைந்து, அடித்து, வண்ணம் பூசி, சதுர்த்திக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். சின்னையா முதலாளி பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "நல்லா அடிச்சிருக்கீங்க தங்கச்சி. அடுப்படிக்கு நல்லாப் போகும்."

யானைத் துறையில்

கோணல் பிள்ளையார் கட்டு அலுமாரிக்கு அடியில் இருந்தது. சாமி படம் அடிக்கிறவர்களின் இந்தத் தலைவலி வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது. தையல்காரர் தப்பாக வெட்டினால் துண்டைத் துடைக்க எடுப்பார். கொல்லர் உருக்கிவிடுவார். சாமி படம் பழுதானால் என்ன செய்வது? பக்கத்து அரிசிக் கடைக்காரர் சாமான் மடிக்கச் சுருள் செய்யக் கொடுங்கள் என்றார், முடியாது என்றேன். அடுப்பில் வைக்கலாம், ஆனால் அடுத்தவங்க கும்பிடுகிற சாமியை நெருப்பில் போட எனக்குக் கை வருமா? காசிம் நானாதான் வழி சொன்னார். அவர்கள் பள்ளிவாசலில் ஓதுகிற கிதாபு பழசாகிக் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் மரியாதையாக விட்டுவிடுவார்களாம். பிள்ளையாரையும் தண்ணீரில்தான் விடுவார்கள் என்று நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு மதத்துக்கும் ஒத்து வந்ததால் மூன்றாவது மதக்காரியான நானும் ஒத்துக்கொண்டேன்.

கட்டை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். பட்டப்பகல். மகாவலி நிறைந்து மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. துறையில் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று நான் வழியெல்லாம் பொய் யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே போனால் மனிதர் ஒருவரும் எங்களைக் கவனிக்கவில்லை. ஒரு பெரிய கொம்பன் யானை மட்டும் பாகன் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீரில் படுத்திருந்தது, நாங்கள் இறங்கியதும் எழுந்து நின்று தும்பிக்கையை எங்கள் பக்கம் நீட்டியது. நான் நானாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காசிம் நானா சிரிக்காமல், துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்க தங்கச்சி. சொந்தக்காரர் ஆளையே அனுப்பி வச்சிருக்காரு, ஒப்படச்சிட்டுப் போவம்."

பல்லேகலையிலிருந்து வந்த ராமாயி

சதுர்த்தியும் போனது, மழையும் விட்டது. தோட்டங்களில் சம்பளம் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து கடையைத் திறந்த கையோடு, பல்லேகலைக் கொக்கோ தோட்டத்து ஆட்கள் என்று பார்த்தாலே தெரிகிற ஒரு கூட்டம் வாசலில் நின்றது. முன்னால் நின்ற பெண் ராமாயி. என் வயதுதான் இருக்கும். மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே எங்கள் கோணல் பிள்ளையார். தண்ணீரில் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தார், ஆனால் எண்ணெய் மை என்பதால் ஒரு கோடு அழியவில்லை. நெற்றியில் சந்தனம், குங்குமம். அடியில் என் பிடிவாதத்தால் பெரிசாகப் போட்ட "கண்டி". ஆறு கட்டுகஸ்தோட்டையிலிருந்து சுற்றிக்கொண்டு குண்டசாலை, பல்லேகலைப் பக்கம் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இது ஒங்க கடையில அடிச்சதாங்க? கணக்கப்பிள்ள எழுத்தப் படிச்சுச் சொன்னாரு" என்றாள். அடிவாங்கப் போகிறோம் என்று தெரிந்தால் நான் முதலில் குரலை உயர்த்திவிடுவேன், அது என் சுபாவம். "ஆமா, எங்க கடைதான். அதுக்கு இப்ப என்ன?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க தாயி" என்று ராமாயி பயந்துபோய்க் கையெடுத்தாள். "குளிக்கப் போன எடத்துல, மூங்கில்ல தங்கி நின்னாரு. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, கூட்டமா வந்தாரு. தும்பிக்கையப் பாருங்க, வலப்பக்கம். வலம்புரிப் பிள்ளையாரு, லேசுல கெடைக்கிறவரா? எங்க லயத்து வீடுகள்ல ஆளுக்கு ஒருத்தர எடுத்து வச்சிருக்கோம். கலஹா தோட்டத்துல எந்தங்கச்சி இருக்கா, அவளுக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்." எனக்குக் காது அடைத்தது. நாங்கள் கோணல் என்று ஒளித்தது இவர்களுக்கு வலம்புரி! மெதுவாகக் கேட்டேன்: "எங்க மாட்டியிருக்கீங்க?" அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க மாட்டுவாங்க? கதவத் தொறந்தா நேரா." நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லை அழித்தாயிற்று. அடித்ததையெல்லாம் ஆற்றில் விட்டாயிற்று. சரியான பிள்ளையார்கள் அலுமாரி நிறைய இருந்தார்கள், அவர்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "நானே ஒன் வீட்டுக்குக் கொண்டாந்து தர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இவர், "மறுபடியும் தப்பா வரையணும், அவ்வளவுதானே?" என்று கல்லைத் தேய்க்க உட்கார்ந்தார். காசிம் நானா மட்டும் யோசித்தார். புதுப் படத்தை ஆற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் காயவைத்தால் தோட்டம் தோட்டமாக விற்கலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம்! எழுத்தைப் பெரிசாகப் போட்டவள் நான். இது எங்கள் வீட்டுக்காரர் வரைந்த படம், திருகோணமலை வீதியில் அடித்த படம். ஆற்றில் முக்கி எடுத்து அந்தப் பேரையும் ஆற்றுக்குக் கொடுக்க நான் பைத்தியமா? கத்தி ஓய்ந்தேன். நானா தோளில் கிடந்த துண்டை உதறினார். "சரி தங்கச்சி, நனைக்காமலே விப்பம். ஆனா காஞ்ச சாமிய ஆரு நம்புறா எண்டு பாப்பமே."

ராமாயி வீட்டுச் சுவர்

குண்டசாலை வரை பஸ். அங்கிருந்து பல்லேகலைக்குக் கொக்கோ மர நிழலில் நடை. கைப்பையில் புது வலம்புரிப் பிள்ளையார்கள், அவர்களுக்கு அடியில், எங்கே போனாலும் நான் கொண்டுபோகிற மாதா. வழியில் ஒரே யோசனை. நடுச்சுவரில் ஏறியது எங்கள் படமா, ஆறு கொண்டுவந்த சாமியா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால் ராமாயி அதைக் கழற்றி எறிந்தாலும் எறிவாள். சொல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போய் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? லயத்தில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. நேரே, நடுச்சுவரில், சாணி மெழுகிய சுவரில் அடித்த ஆணியில் எங்கள் பிள்ளையார். கீழே விளக்கு, செம்பரத்தம்பூ. பம்பாய் லட்சுமி நகர்ந்து அடுப்புப் பக்கம் போயிருந்தாள். எத்தனை வருஷ ஆசை! வாசலிலேயே நின்று கண் நிறையப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு சொல்லிவிட்டேன். "ராமாயி, இது ஆறு குடுத்தது இல்ல. எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல தப்பா வரஞ்சது. எங்களுக்கு வெவரம் தெரியாது. பழுதுன்னு நெனச்சு நானும் நானாவும்தான் ஆத்துல விட்டோம்." அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினாள். "ஆத்துல விட்டது நீங்க. சரி. எங்க தொறையில வந்து நிக்கச் சொன்னதும் நீங்கதானா?" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "வரஞ்சது ஒங்க வீட்டுக்காரரா? இந்தக் கண்டியில இருந்துக்கிட்டா? ஐயோ, நான் சீமையில இருக்கிற யாரோன்னுல்ல நெனச்சேன்! நம்ம ஆளு கையா!" என்று வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள். என் கண்ணில் தண்ணீர் நின்றது. படத்தை அவள் கழற்றவில்லை.

கலஹாத் தங்கச்சிக்கென்று பிள்ளையாரை எடுத்துக் கொடுக்கும்போது கைப்பையிலிருந்து மாதாவும் கூட வந்துவிட்டார். ராமாயி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முந்தானை, இடுப்பில் பிள்ளை, களைத்த முகம். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் வியாபாரம் மறந்து, ஞானம் அக்கா சொன்னது இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததால், "அது போவாது ராமாயி. அந்த மொகத்துக்கு முன்னால முழங்கால் போட முடியலேன்னு டவுன்ல யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க" என்றேன். அவள் அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு ஆணியை எடுத்தாள். பிள்ளையாருக்குப் பக்கத்தில், அதே நடுச்சுவரில் வைத்து, குழவிக்கல்லால் அடித்துக்கொண்டே சொன்னாள்: "முழங்கால் போடவா தாயி படம் வாங்குறோம்? வேல முடிஞ்சு வந்தா ரெண்டு வார்த்த பேசத்தானே வாங்குறோம்."

திருகோணமலை வீதியிலிருந்து நடுச்சுவருக்கு நேர் வழி ஒன்று இருக்கும் என்று நம்பித்தான் நாங்கள் கடை போட்டோம், கட்டுகஸ்தோட்டையில் ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தோனியாரையும் டீச்சருக்கு விற்காமல் ஆற்றில் விட்டிருப்பேன், அவருடைய மூக்காவது தப்பியிருக்கும்.